எலுமிச்சைக் கொழுந்து ஏன் வெளுத்தது?

குழு: மூன்றாவது குறுக்குத் தெரு மாடித்தோட்டம்

சுமதி, காலை 7:12
வணக்கம். எலுமிச்சை இலையெல்லாம் மஞ்சள். படம் போட்டிருக்கிறேன். கடலைப் புண்ணாக்கு கரைத்து இரண்டு தடவை ஊற்றியும் அசையவில்லை.

பாபு, 7:15
யூரியா ஒரு பிடி போடுங்கள். பச்சை ஏறிவிடும்.

கமலா மாமி, 7:16
தொட்டிக்கு ஒரு பிடி யூரியாவா! வேர் வெந்துவிடும். போன வருஷம் என் மல்லிகை போனது அப்படித்தான்.

ராஜேந்திரன் சார், 7:24
யாரும் எதையும் ஊற்ற வேண்டாம். சுமதிம்மா, மஞ்சள் முதலில் எங்கே வந்தது? அடி இலையிலா, கொழுந்திலா?

சுமதி, 7:26
கொழுந்தில்தான் சார். அடி இலை நல்ல பச்சை. கொழுந்திலும் நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்ட மாதிரி தெரிகிறது.

ராஜேந்திரன் சார், 7:31
அப்படியென்றால் இரும்புச்சத்து. யூரியாவில் இருக்கும் தழைச்சத்து குறைந்தால், செடி பழைய இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முழுசாக வெளுக்கும். இரும்பை அப்படி உருவிக் கொடுக்கச் செடிக்கு முடியாது. பழசு பச்சையாக இருக்கும்போதே புதுசு வெளுப்பது அதனால்தான்.

பாபு, 7:33
என் செம்பருத்தியில் அடி இலையில்தான் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். அதுவும் இரும்பா சார்?

ராஜேந்திரன் சார், 7:35
அடி இலை என்றால் மெக்னீசியமாக இருக்கலாம், எப்சம் உப்பு கேட்கும். ஆனால் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்பருத்தி வைத்து மாவுப்பூச்சியைப் பார்க்காத வீடு உண்டா!

கமலா மாமி, 7:38
இரும்பு ஆணியை மோரில் ஊறப்போட்டு ஊற்றினால் போதுமே. என் கறிவேப்பிலைக்கு வெறும் புளித்த மோர்தான், காடாக வளர்கிறது.

ராஜேந்திரன் சார், 7:42
மோர் நல்லதுதான் மாமி. ஆணி விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன் 😄 மண்ணில் பெரும்பாலும் இரும்பு இருக்கும். மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. சுமதிம்மா, என்ன தண்ணீர் விடுகிறீர்கள்?

சுமதி, 7:44
வீணாகப் போகிறதே என்று ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீரைப் பிடித்து விடுகிறேன். ஏழெட்டு மாதமாக. வாராவாரம் முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறேன்.

ராஜேந்திரன் சார், 7:46
பிடிபட்டது. நம் தெரு போர் தண்ணீரே உப்பு. அதிலிருந்து குடிக்கிற தண்ணீரைப் பிரித்த பிறகு, மிஞ்சிய உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான். முட்டை ஓடும் சுண்ணாம்புதான், மண்ணில் காரத்தன்மையை ஏற்றும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்குமே?

சுமதி, 7:47
ஆமாம் சார்! பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கமலா மாமி, 7:48
ஐயையோ, நானும் ரோஜாவுக்கு அதைத்தான் விடுகிறேன் 😳

ராஜேந்திரன் சார், 7:55
இனி அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். சுமதிம்மா, முட்டை ஓட்டை நிறுத்துங்கள். தொட்டியின் அடித் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு இரண்டு மூன்று தடவை விடுங்கள், உப்பு கரைந்து போகும். அப்புறம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூட எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு சிட்டிகை. சாயங்காலம் இலையில் தெளியுங்கள். மண்ணில் போட்டால் அங்கேயே இறுகிப் பயனில்லாமல் போகும். தரையில் சிந்தினால் துருக்கறை, ஜாக்கிரதை.

சுமதி, 7:57
மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகுமா?

ராஜேந்திரன் சார், 7:58
ரொம்ப வெளுத்தது தேறாது. கிள்ளவும் வேண்டாம். அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள்.

பாபு, 8:20
சார், இலையைத் திருப்பிப் பார்த்தேன். மாவுப்பூச்சிதான் 🙈

கமலா மாமி, மாலை 5:40
மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. மாடியில் நாலு வாளி வைத்துவிட்டேன். சுமதி, உனக்கு இரண்டு.