ஸ்பீடு கன் வைத்து வேகம் பிடிப்பது: நேர் ரோட்டில் எதற்கு, தொப்பூரில் ஏன் இல்லை?

ராயக்கோட்டைக்காரன்:
போன முகூர்த்தத்துக்கு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். குருபரப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் பாலம் இறங்குகிற இடத்தில், சர்வீஸ் ரோட்டில் ஜீப்பை மறைத்து நிறுத்திவிட்டு ஒருவர் கையில் கன்னோடு நின்றார். 94 என்றார்கள், பலகையில் 80, ஆயிரம் ரூபாய் ஃபைன். என் மீட்டரில் 85தான் இருந்தது. அகலமான ரோடு, நடுவில் தடுப்பு, காலை நேரம், ஒரு ஈ காக்கை இல்லை. விபத்தைத் தடுக்க நிற்பவர் எதற்கு மறைந்து நிற்க வேண்டும்? இது வசூல்.

காரிமங்கலத்தான்:
ஈ காக்கை இல்லை என்பது காருக்குள் இருப்பவர் சொல்வது. பாலம் இறங்குகிற இடத்தில்தான் சர்வீஸ் ரோட்டு வண்டி உள்ளே நுழையும், பால் கேனோடு டிவிஎஸ் வண்டிக்காரர் குறுக்கே வருவார். 80க்கும் 94க்கும் வெறும் 14 வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடுதல். 20 கிலோமீட்டர் தூரத்தை 100ல் போனால் 12 நிமிடம், 80ல் போனால் 15 நிமிடம். மூணு நிமிடத்தில் தாலி கட்டிவிடுவார்களா?

ராயக்கோட்டைக்காரன்:
கணக்கு எனக்கும் தெரியும் அண்ணா. கேட்டது வேறு. மீட்டரில் 85, கன்னில் 94. எது சரி? பக்கத்து லேனில் ஒரு ஆம்னி பஸ்ஸும் போனது, அது எடுத்த வேகம் என் தலையில் விழவில்லை என்று யார் சொல்வது?

டயர்பஞ்சர்:
கன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரேடார் கன் என்றால் அலை அகலமாக விரியும், பெரிய வண்டியின் எதிரொலிதான் வலுவாக வரும், அங்கே உங்கள் சந்தேகம் நியாயம். லேசர் கன் அப்படியில்லை. அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் எப்படிக் குறைகிறது என்று கணக்குப் போடும், அரை வினாடிகூட ஆகாது. 300 மீட்டரில் அந்த ஒளி ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது, எனவே பஸ் கதை எடுபடாது. ஓரமாக நின்று சாய்வாகக் குறி வைத்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும், 20 டிகிரி கோணத்தில் 100 என்பது 94 ஆகிவிடும், அந்தத் தவறு ஓட்டுநருக்குத்தான் லாபம்.

ஆனால் ஒன்று. ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி, கூட்டித்தான் காட்டும் (டயர் அளவை மாற்றியிருந்தால் தவிர). அப்படியென்றால் நீங்கள் பிரேக்கில் கால் வைத்த பிறகு மீட்டரைப் பார்த்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் கன் பிடித்தவரின் கை ஆடியிருக்கிறது. குறி முன் கண்ணாடியில் தொடங்கி நம்பர் பிளேட்டுக்குச் சறுக்கினால், அந்த ஒன்றரை மீட்டரையும் வண்டி ஓடிய தூரமாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிடும். நல்ல கருவி இதைக் கண்டுபிடித்து எண்ணே காட்டாது. மூணுகால் ஸ்டாண்டில் வைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

காரிமங்கலத்தான்:
எனக்கென்னவோ பிரேக்கில் கால் வைத்ததுதான் நடந்திருக்கும் என்று படுகிறது :)

குமாஸ்தா:
சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 183வது பிரிவின்படி, ஒரே ஒரு சாட்சியின் கண் மதிப்பை மட்டும் வைத்து வேகத்துக்குத் தண்டிக்க முடியாது, கருவி அளவு வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஃபைன் இலகு வாகனத்துக்கு 1000 முதல் 2000, நடுத்தர, கனரக வண்டிக்கு 2000 முதல் 4000. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த 167ஏ விதி ஸ்பீடு கன்னையும் மின்னணுக் கருவிப் பட்டியலில் சேர்த்தது. அதன்படி கருவிக்கு வருடா வருடம் ஒப்புதல் சான்று புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு இருக்கிறது என்று கண்ணில் படுகிற மாதிரி பலகை வைக்க வேண்டும், குற்ற அறிவிப்பு 15 நாளுக்குள் வர வேண்டும், படமும் அளவும் இடமும் நேரமும் அதில் இருக்க வேண்டும். ரேடார் வேகமானிகளுக்கு முத்திரைச் சோதனை தேவை என்று எடையளவுச் சட்டத்தின் கீழும் விதி வந்து, 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே மறைந்து நிற்பது பற்றி ராயக்கோட்டைக்காரர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு.

காரிமங்கலத்தான்:
பலகை வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பலகைக்கு முன் 100, பலகையில் 70, தாண்டியதும் மறுபடி 100. எதிரில் வருகிறவர்கள் ஹெட்லைட் அடித்து வேறு தகவல் சொல்லிவிடுவார்கள். எங்கே நிற்பார்கள் என்று தெரியாமல் இருந்தால்தான் வழி முழுக்கப் பயம் இருக்கும்.

ராயக்கோட்டைக்காரன்:
அந்தப் பயம் தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் இருக்கிற தொப்பூர் மலை இறக்கத்தில் வேண்டாமா? 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து நாலு பேர் செத்தார்களே, அங்கே கன் பிடிக்காமல் நேர் ரோட்டில் கல்யாணத்துக்குப் போகிறவனைப் பிடித்தால் வேறு என்ன பெயர் வைப்பது?

பத்துசக்கரம்:
கிரானைட் லோடு ஏற்றி அந்த வழியாகப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தொப்பூரில் கன் வைப்பது பற்றி இரண்டு பேருமே காரை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். இறக்கத்தில் இருக்கிற கட்டமேடு பக்கம் கன் பிடித்து என் வண்டி 60 என்று எழுதினால் என்ன பிரயோஜனம்? அந்த இடத்தில் 60ல் வருகிற லோடு வண்டிக்கு ஏற்கெனவே பிரேக் டிரம் காய்ந்து புகை வந்திருக்கும், கை காட்டினாலும் அவனால் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லிக் குறுக்கே வருகிற போலீஸ்காரருக்குத்தான் ஆபத்து. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று கிளீனராக இருக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவன் இஞ்சின் பிடிப்பே இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறான். அது மேலேயே தீர்மானமாகிவிடும். பாளையம் டோல் தாண்டி இறக்கம் தொடங்குகிற முதல் வளைவுக்கு முன்னால் நிற்கட்டும், 40க்கு மேல் வருகிற லோடு வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கட்டும். ஃபைன்கூட வேண்டாம், சக்கரம் ஆறினால் போதும்.

காரிமங்கலத்தான்:
ஃபைன் வேண்டாமா? வண்டி முதலாளிக்கு 4000 போனால்தான் டிரைவருக்கு நியூட்ரல் மறக்கும்.

பத்துசக்கரம்:
முதலாளிக்கு எங்கே போகிறது தம்பி, டிரைவர் பேட்டாவில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தை மீட்க அவன் அடுத்த டிரிப்பில் இன்னும் டீசல் மிச்சம் பிடிப்பான்.

டயர்பஞ்சர்:
இதற்குப் பதில் இல்லை.

ராயக்கோட்டைக்காரன்:
குமாஸ்தா சார், எனக்குக் கொடுத்த ரசீதில் படமும் இல்லை, கருவி பற்றி ஒரு வரியும் இல்லை. இப்போது கோர்ட்டுக்குப் போகலாமா?

குமாஸ்தா:
பணம் கட்டிவிட்டீர்களா?

ராயக்கோட்டைக்காரன்:
அங்கேயே கட்டிவிட்டேன். முகூர்த்தம் போய்விடுமே.

குமாஸ்தா:
அப்படியென்றால் சமரசக் கட்டணம் கட்டிக் குற்றத்தை முடித்துக்கொண்டதாக அர்த்தம், மேற்கொண்டு வழக்கு நடக்காது. சந்தேகம் இருந்தால் அங்கேயே, கட்டவில்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் படத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

காரிமங்கலத்தான்:
மொய்யோடு மொய்யாக எழுதிக்கொள்ளுங்கள்.