இஷிமுரே மிச்சிகோவின் ‘குகாய் ஜோதோ’: ஆவணமா, நாவலா? எதை மேற்கோள் காட்டலாம்?

கரைவலை:
ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த மெர்குரியால் வந்த மினமாட்டா நோய் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதுகிறேன். அதைப் பற்றி ஜப்பானிய எழுத்தாளர் இஷிமுரே எழுதிய ‘குகாய் ஜோதோ’வை லிவியா மொன்னேயின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். யூகி என்ற மீனவப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தபடி தானே பேசும் அத்தியாயத்தை ‘பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம்’ என்று போட்டு எடுத்தாளலாமா? சிலர் அபுனைவு என்கிறார்கள், சிலர் நாவல் என்கிறார்கள். இது முத்தொகுதி என்றும் சொல்கிறார்களே, அடுத்து எதை எடுப்பது?

பழுப்புத்தாள்:
வாக்குமூலம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்தப் புத்தகத்தை எடுத்தாளுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடமே அதுதான். அந்த அத்தியாயத்துக்கு ‘யூகி சொல்லக் கேட்டு எழுதியது’ என்ற பொருளில் இஷிமுரே தலைப்பு வைத்திருப்பதால் யாரும் நம்பிவிடுவார்கள்.

1965-இல் இது ‘கடலுக்கும் வானுக்கும் இடையே’ என்ற தலைப்பில் ‘குமமோட்டோ ஃபூதோகி’ இதழில் தொடராக வந்தபோது, அந்த இதழின் ஆசிரியராக இருந்தவர் வதனாபே கியோஜி. பின்னாளில் கோதன்ஷா பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புக்கு எழுதிய பின்னுரையில் விஷயத்தை அவரே உடைத்துச் சொல்லிவிட்டார். இது கேட்டெழுதிய பதிவு அல்ல. இஷிமுரே நோயாளிகளின் வீடுகளுக்கு அடிக்கடி போனவரும் அல்ல. குறிப்பேடு, டேப் ரெக்கார்டர் எதுவும் கையில் கிடையாது. இதைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த மனுஷி மனசுக்குள் சொல்வதை எழுத்தில் வைத்தால் அப்படித்தான் வரும் என்ற பொருளில் இஷிமுரே பதில் சொன்னாராம். யூகி கணவன் மோஹேயோடு துடுப்புப் போட்டதை நினைத்துப் பேசுவதும், ஆக்டோபஸ் பானையை விட்டு வெளியே வர அடம்பிடிப்பதைச் செல்லமாகச் சொல்வதும் இஷிமுரேயின் குரல்தான்.

1970-இல் ஓயா சோய்ச்சி அபுனைவுப் பரிசின் முதலாம் ஆண்டிலேயே இந்த நூல் தேர்வானது. இஷிமுரே வாங்க மறுத்துவிட்டார். பரிசு போனாலும் ‘அபுனைவு’ என்ற முத்திரை மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்காக முழுதும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. மருத்துவர்களின் நோய்க்குறிப்புகள், ஆலையை நடத்திய சிஸ்ஸோ கம்பெனி நோயாளிகளோடு போட்ட ஒப்பந்தத்தின் வாசகம் எல்லாம் இடையிடையே அப்படியே வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுவிட்டு மேற்கோள் காட்டலாம். தன்னிலையில் யாராவது பக்கம் பக்கமாகப் பேசினால் ‘இஷிமுரே படைத்த யூகி’ என்று எழுதுங்கள். நடுவில் ஒரு ரகம் உண்டு. முதல் அத்தியாயத்தில், பார்வை ஏறக்குறைய போய்விட்ட கியூஹேய் என்ற சிறுவன் குனிந்து தரையைத் தடவிக் கல்லைத் தேடி எடுத்து, தடியால் பேஸ்பால் அடித்துப் பழகுகிறான். அதைச் சொல்வது பக்கத்தில் நின்று பார்க்கும் கதைசொல்லி. இப்படிப்பட்ட இடங்களில் ‘இஷிமுரேயின் சித்திரிப்பில்’ என்று சேர்த்தால் போதும்.

உப்புக்காற்று:
மேலே சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் தேதிகளை விட்டுவிட்டால் ‘இது வெறும் நாவல்’ என்ற இன்னொரு குழியில் விழுவோம். இஷிமுரே ஓரமாக நின்று எழுதியவர் அல்ல. 1968 ஜனவரியில் மினமாட்டாவில் நோயாளிகளுக்காகக் குடிமக்கள் அமைப்பு தொடங்கியவர்களில் ஒருவர். சிஸ்ஸோ ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் மெர்குரிதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பர் 26. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானதோ 1956 மே 1. நடுவில் 12 வருஷம்! நூல் வெளியானது 1969 ஜனவரி, நோயாளிகள் வழக்குப் போட்டது அதே வருஷம் ஜூன். இயக்கத்தின் ஆவணமாக இதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

நோயின் அறிகுறி, கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் பற்றிய தகவலுக்கு ஹரதா மசஸுமியிடம் போங்கள். குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவராக இருந்தவர். 1972-இல் வந்த அவருடைய ‘மினமாட்டா நோய்’ ஆங்கிலத்திலும் உண்டு. ‘குகாய் ஜோதோ’வில் வாய் பேச முடியாத ஒன்பது வயது மொகுதாரோவுக்காக அவன் தாத்தா ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயம் குடித்தபடி பேசித் தீர்க்கும் அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், மருத்துவக் குறிப்பு எங்கே முடிகிறது, இலக்கியம் எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். என் கணக்கில் புத்தகத்தின் உச்சம் யூகி அல்ல, இந்தத் தாத்தாதான்.

முத்தொகுதியின் வரிசையில் ஒரு சிக்கல்: மூன்றாம் பாகம் ‘வானத்து மீன்’ 1974-இல் வந்துவிட்டது, இரண்டாம் பாகம் ‘தெய்வங்களின் கிராமம்’ 2004-இல்தான் நூலானது. வெளியான ஆண்டை வைத்துப் படித்தால் சம்பவங்கள் முன்பின்னாகிவிடும். நோயாளிகள் சிஸ்ஸோ கம்பெனியில் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொண்டு, வெள்ளை யாத்திரை உடையில் 1970 நவம்பரில் ஒசாகாவில் நடந்த அதன் பங்குதாரர் கூட்டத்துக்குள் போனது இரண்டாம் பாகம். 1971 டிசம்பரில் டோக்கியோ தலைமையகத்தில் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டம் மூன்றாம் பாகம். ஆகவே 1, 2, 3 என்றே போங்கள். அதற்கு முன் இஷிமுரேயின் ‘கமேலியாக் கடலின் குறிப்புகள்’ (1976) கிடைத்தால் விடாதீர்கள். நோய் வருவதற்கு முந்தைய மினமாட்டா, ஒரு சிறுமியும் மனம் பேதலித்த பாட்டியும்.

கரைவலை:
ரெண்டு பேருக்கும் நன்றி. கம்பெனி நோயாளிகளுக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்ட தொகைகளை வேறு இடங்களில் ஒருவர் மாதக் கணக்கு என்கிறார், இன்னொருவர் வருடக் கணக்கு என்கிறார். எது சரி?

பழுப்புத்தாள்:
வருடக் கணக்குதான். 1959 டிசம்பர் 30-இல் கையெழுத்தான ‘அனுதாபத் தொகை’ ஒப்பந்தம் அது. பெரியவர்களுக்கு வருடம் 1,00,000 யென், சிறுவர்களுக்கு 30,000 யென், இறந்தவர்களுக்கு 3,00,000 யென், ஈமச்செலவு தனியாக 20,000 யென். கட்டுரையில் தொகையோடு நிறுத்தாமல் ஐந்தாம் பிரிவையும் சேருங்கள்: காரணம் ஆலைக் கழிவுதான் என்று பிறகு தெரியவந்தாலும் மேற்கொண்டு எந்த இழப்பீடும் கேட்கக் கூடாது. ஆலைக் கழிவுநீரைக் குடித்த பூனைக்கு இதே நோய் வந்ததைக் கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரி மருத்துவர் ஹோசொகாவா ஹாஜிமே அந்த அக்டோபரிலேயே பார்த்திருந்தார் என்பதையும் ஒட்டி வைத்தால் பிரிவின் யோக்கியதை புரிந்துவிடும். மெர்குரிக் கழிவை உண்டாக்கிய அசிடால்டிஹைடு உற்பத்தி நின்றதோ 1968 மே மாதம்.

1973 மார்ச் 20 தீர்ப்பில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி, நோயாளி ஒருவருக்கு 1.6 கோடி முதல் 1.8 கோடி யென் வரை தரச் சொன்னது. ‘குகாய் ஜோதோ’ முதல் பாகம் 1968 நிகழ்வுகளோடு முடிந்துவிடுவதால் தீர்ப்பு அதில் இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.