புதுப்பிப்பு: விண்டோஸ் 11-ஆ, லினக்ஸா? முடிவெடுத்துவிட்டேன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், என் பழைய மடிக்கணினியில் 11-ஐ ஏற்றுவதா, இலவச இயங்குதளமான லினக்ஸுக்குத் தாவுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-ஐ நிறுவிவிட்டேன்.

11-ஐக் கைவிடக் காரணம் செயலி (பிராசசர்). என்னிடம் இருப்பது இன்டெல் 7-ஆம் தலைமுறை. ஏற்கப்படும் செயலிகளின் பட்டியலோ பெரும்பாலும் 8-இலிருந்துதான் தொடங்குகிறது. 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இருந்தும் பயனில்லை. சோதனையை ஏமாற்றி நிறுவும் குறுக்குவழியைச் சிலர் சொன்னீர்கள். அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாதுகாப்புக்காகத்தானே இத்தனை பாடும்?

நிறுவும் முன் யுஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. வன்தட்டைத் தொடாமலேயே வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்வது தெரிந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சுதான் என் பெரிய கவலை. தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளான ஐபஸ்ஸுடன் எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்ததும் விரல்கள் பழைய வேகத்திலேயே ஓடுகின்றன.

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸில் வேர்டு கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றன. மேக்ரோக்கள் (தானாக இயங்கும் கட்டளைகள்) நிறைந்த ஓர் எக்செல் கோப்பு மட்டும் முரண்டு பிடிக்கிறது. அதற்காக, கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் 10-ஐ, இணைய இணைப்பைத் துண்டித்து, வைத்திருக்கிறேன். அழகான ஏற்பாடு இல்லைதான். ஆனால் வேலை நடக்கிறது.

மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அடுத்த கணினியைப் பற்றி அப்போது கேட்கிறேன்.