ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய வண்டிகள்: பார்த்ததைப் பகிருங்கள்

ஈரோடு டீசல்:
ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிய வண்டி, வெயில் காலத்தில் ஒர்க்ஷாப்புக்குத் தவறாமல் வருகிற ரகம். டெம்பரேச்சர் முள் பாதிக்கும் கீழேயே நிற்கும், டிரைவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மைலேஜ் விழுந்திருக்கும், பிக்கப் இருக்காது, டிபிஎஃப் (எக்சாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு ஓயாமல் எரியும். ஸ்கேனரில் பார்த்தால் ஹைவேயில் கூலன்ட் 60–65 டிகிரி, பிழைக் குறியீடு பி0128. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டிருக்கும்.

பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசலில் (2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவை) இதனால் வரும் சேதம் பெரிது. டிபிஎஃப்பில் சேர்ந்த கரி எரிய எக்சாஸ்ட் சூடு 600 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். அதற்காக ஈசியு கூடுதலாக டீசல் அடிக்கும். கூலன்ட் போதிய சூட்டில் இல்லையென்றால் பல வண்டிகளில் ரீஜென் (இப்படிக் கரியை எரிக்கும் வேலை) தொடங்கவே தொடங்காது, தொடங்கினாலும் பாதியில் நிற்கும். கரி நிறைய நிறைய பேக் பிரஷர் (எக்சாஸ்ட் வெளியேற முடியாமல் திரும்பி அழுத்துவது) ஏறும், கடைசியில் லிம்ப் மோடு, அதாவது ஈசியு பவரைக் குறைத்துவிடும். பாதியில் நின்ற ரீஜென்னின் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேக்ஸ் கோட்டைத் தாண்டி, டீசல் வாசனையும் அடித்தால் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். மேலாகக் கொஞ்சம் எடுத்துவிட்டு ஓட்டுவது பேரிங்குக்கு எமன்.

ஸ்கேனர் கை:
அண்ணே சொன்ன வண்டிக்கு நேரடியாக ஃபோர்ஸ்டு ரீஜென் (ஸ்கேனர் வழியாகக் கட்டாயமாகத் தொடங்கும் ரீஜென்) போடுகிறவர்கள் அதிகம். வரிசை முக்கியம். முதலில் தெர்மோஸ்டாட். பிறகு டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார்: சாவி ஆன், எஞ்சின் ஆஃபில் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது. அதன் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் அளவு தப்பும். ஆயில் அளவு ஏறியிருந்தால் ரீஜெனுக்கு முன்பே மாற்ற வேண்டும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், அடியில் காய்ந்த புல் கூடாது. இன்னொன்று: கரி எரியும், சாம்பல் எரியாது. நிறைய ஓடிய வண்டியில் ரீஜென் முடிந்தும் பிரஷர் இறங்கவில்லையென்றால் ஃபில்டரைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஈரோடு டீசல்:
இஜிஆர் கூலரையும் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் எக்சாஸ்ட் புகையைக் கூலன்ட்டால் குளிர்விப்பது) சேர்த்துக்கொள்ளுங்கள். கூலன்ட் குறையும், வெளியே ஒரு சொட்டு ஒழுக்கு இருக்காது, ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை. உடனே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள். கூலரைத் தனியாகக் கழற்றி இரு பக்கமும் அடைத்து, 1 பார் காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தகடு வைத்து இஜிஆரை அடைப்பதும் தீர்வு ஆகாது. அந்தப் புகை உள்ளே போவதே எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தத்தான். அடைத்தால் பிஎஸ்6 ஈசியு கண்டுபிடித்து செக் லைட் போட்டுவிடும்.

பெட்ரோல் பக்கம்:
பெட்ரோல் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் அதிகமாக அடிக்கும், பிளக் கருக்கும். எதிர்ப்பக்கம், அளவுக்கு மேல் சூடானால் நாக் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து வரும் தட்டல்) வரும், ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், இன்னும் ஏறினால் ஏசியை வெட்டும். மேட்டில் வண்டி இழுக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும், கிளட்ச்சைக் குறை சொல்வார்கள்.

செக் லைட் மினுக்கினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம், அப்படியே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து செராமிக்கை உருக்கிவிடும். கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு என்று சந்தேகப்படலாம்.

ஸ்கேனர் கை:
சரி, வண்டி முதலில் ஏன் ஹீட் ஆனது? அதை யாரும் பார்ப்பதில்லை. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி அடைத்திருக்கும், ஃபேனின் லோ ஸ்பீடு ரெசிஸ்டர் போயிருக்கும், ரேடியேட்டர் மூடி பிரஷர் பிடிக்காது. போர் தண்ணீர் ஊற்றி உப்பு படிந்ததும் ஏராளம். கூலன்ட்டும் டிமினரலைஸ்டு தண்ணீரும் பாதிக்குப் பாதி. நிறத்தை நம்பாமல் டப்பாவில் ஸ்பெக் பாருங்கள். பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் வழி) மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது, லோடில் ஹீட் இன்னும் கூடும்.

ஈரோடு டீசல்:
புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு போட்டுப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். ஜிகிள் பின் (காற்று வெளியேற விடும் ஆடும் சிறு ஊசி) உள்ளது என்றால் அது மேல்பக்கம் வரணும், இல்லாவிட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். ஹீட்டரை ஃபுல் ஹாட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூ வழியாகக் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள்.