டொமினியன்: ‘முடிசார் தன்னரசு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘டொமினியன்’, அதாவது பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்டு தன்னைத் தானே ஆளும் நாடு, என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்லாக நம் குழுமத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். எவற்றை விலக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவு இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் விலக்க வேண்டியது, பழைய எழுத்துகளில் வழங்கிய ‘குடியேற்ற நாட்டு அந்தஸ்து’. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வெள்ளையர் குடியேறி ஆட்சி அமைத்ததை மனத்தில் வைத்து இதை ஆக்கியிருக்கலாம். இன்றோ ‘குடியேற்ற நாடு’ என்றால் காலனி என்றே பொருள்கொள்கிறோம். தில்லி பழைய ராஜிந்தர் நகரில், குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுதும் மாணவர்களுக்கு வார இறுதியில் வரலாறு எடுக்கிறேன். 1928-ஆம் ஆண்டின் (மோதிலால்) நேரு அறிக்கை குடியேற்ற நாட்டு அந்தஸ்து கோரியது, அதாவது ஆங்கிலேயர் ஆட்சி அப்படியே தொடர வேண்டும் என்று கேட்டது என ஒருவர் விடைத்தாளில் எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் அப்படித்தான் படிக்க வைக்கிறது. அந்த அந்தஸ்து போதாது என்றுதானே மறு ஆண்டே லாகூர் காங்கிரஸ் மாநாடு பூரண சுயராஜ்யம், அதாவது முழு விடுதலை, கேட்டது?

கோவை நண்பர் பரிந்துரைத்த ‘இடைக்கால அரசு’, 1946 செப்டம்பர் 2 அன்று ஜவகர்லால் நேரு தலைமையில் பொறுப்பேற்ற அரசுக்கு உரிய பெயர். ‘தன்னாட்சி’ என்ற சொல்லையோ, ‘தன்னாட்சிக் கல்லூரி’ என்று கல்லூரிகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

இனி, சொல் சுமக்க வேண்டிய பொருளைப் பார்ப்போம். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 25 வரை இந்தியா டொமினியனாக இருந்தது. இதை அரைச் சுதந்திரம் என்று கருதுவது சரியன்று. 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டப்படி, அதன்பின் இலண்டன் நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், இங்குள்ள சட்டமன்றம் ஏற்றாலொழிய, இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. அந்த விடுதலைச் சட்டத்தையே திருத்தவும் நீக்கவும் இந்தியாவுக்கு அதிகாரம் இருந்தது. அரசமைப்பின் 395-ஆம் உறுப்பு அதை நீக்கியும் விட்டது. ஆனாலும் நாட்டின் தலைவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர்தாம். 1948 ஜூன் 21 அன்று ராஜாஜி கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றது மன்னரின் நியமனத்தால். அந்த நியமனமோ இந்திய அமைச்சரவையின் அறிவுரைப்படி நடந்தது. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செல்லும் வழி 1949 அக்டோபரில்தான் அடைபட்டது. வகுப்பில் காட்டுவதற்காக 1947-ஆம் ஆண்டின் அரை ரூபாய் நாணயம் ஒன்று வைத்திருக்கிறேன்: ஒரு புறம் முடிசூடிய மன்னர் தலை, மறு புறம் புலி. மன்னர் தலைக்குப் பதிலாகச் சிங்கத் தூண் வந்தது 1950-இல்தான்.

அதிகாரம் முழுவதும் தில்லியில், முடி மட்டும் இலண்டனில் என்ற இந்த நிலைக்கு ‘முடிசார் தன்னரசு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. மதுரை வட்டாரத்தில் ‘தன்னரசு நாடு’ என்ற வழக்கு முன்பே உண்டு. வெளியார் ஆணைக்கு உட்படாத நாடு என்பதே அதன் பொருள். மேலும், 1950-இல் முடிசார் தன்னரசு குடியரசாயிற்று என்று எழுதும்போது, மாறியது எது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

தங்கள் கருத்தை எதிர்நோக்குகிறேன்.

---

ஐயா, வணக்கம்.

‘தன்னரசு’ மிகப் பொருத்தம். ஆனால் ‘முடிசார்’ என்றவுடன் 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து விக்டோரியா அரசியின் கைக்கு மாறிய ஆட்சியே எனக்கு நினைவுக்கு வருகிறது. பாகிஸ்தான் 1956 வரையும் இலங்கை 1972 வரையும் இதே நிலையில் இருந்ததால், அவற்றுக்கும் பொருந்தும் சொல்லாக அமைய வேண்டும். இலங்கைத் தமிழர் பிரிவி கவுன்சிலைக் கோமறைக் கழகம் என்பதுபோல், அரசனைக் குறிக்கும் ‘கோ’வை வைத்து ஒரு சொல் ஆக்கலாகாதா?

---

அம்மா, வணக்கம்.

1858-க்குப் பின் இங்கே நடந்தது முடியின் நேரடி ஆட்சி. அதைத் தன்னரசு என்று எவரும் சொல்லமாட்டார் என்பதால் தொடர் முழுமையாக நிற்கும்போது அந்தக் குழப்பம் நேராது. ஆகவே ‘முடிசார்’ என்று மட்டும் சுருக்கி எழுதக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்வோம். கோமறைக் கழகம் அழகான ஆக்கம்தான். ஆனால் ‘கோசார் தன்னரசு’ என்று எழுதினால் கோசாலைகள் நிறைந்த இந்த ஊர் மாணவர்கள் பசுவைத்தான் நினைப்பார்கள். பாகிஸ்தானுக்கும் இலங்கைக்கும் மாற்றமின்றி இச்சொல்லே பொருந்தும். வினாத்தாள்களில் ‘டொமினியன் அந்தஸ்து’ தொடர்ந்து வரும் என்பதால், பாடக் குறிப்பின் முதல் இடத்தில் மட்டும் ‘முடிசார் தன்னரசு நிலை (டொமினியன் அந்தஸ்து)’ என்று எழுதிவிட்டுப் பின்னர் தமிழ்ச் சொல்லையே ஆள்கிறேன்.