தூளியில தூங்குது, பாயில போட்டா முழிச்சுக்குது (2 மாசக் குழந்தை)

தருமபுரியிலிருந்து:
கண்ணு மூடின உடனே தூக்கிப் பாயில போட்டா முழிக்கத்தான் செய்யும். முதல் 15, 20 நிமிஷம் அரைத்தூக்கம். இமை துடிக்கும், உதடு சப்பும். கையைத் தூக்கி விட்டுப் பாருங்க, தொப்புனு விழுந்தா அசந்துடுச்சுன்னு அர்த்தம். ஆட்டுறதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, ரெண்டு நிமிஷம் தூளி சும்மா தொங்கட்டும். இறக்கும்போது முதல்ல கால், அப்புறம் இடுப்பு, கடைசியா தலை. தலை முதல்ல போனா கீழ விழற மாதிரி திடுக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு அலறும். படுக்க வெச்சதும் நெஞ்சு மேல உள்ளங்கை ஒரு நிமிஷம் இருக்கட்டும். முக்கால் மணிக்கொரு தடவை தூக்கம் லேசாகும். அப்ப முனகினா உடனே வாரிக்காதீங்க, பல நேரம் தானா அடங்கிடும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
தம்பி சொன்னது சரி. ஆனா ராத்திரிக்குத் தூளியே வேண்டாம்ப்பா. துணி குழிஞ்சு தாடை நெஞ்சுல முட்டினா மூச்சு அடைக்கும், சத்தம்கூட வராது. பகல்ல, கண்ணெதிர்ல மட்டும், அதுவும் தொட்டில் கட்டை போட்டு. பருத்திப் புடவைதான், நைலான்ல முடிச்சு நழுவும். தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல தூக்கிக் கட்டாதீங்க. புரள ஆரம்பிச்சா கழட்டிடணும். ராத்திரிக்குக் கெட்டியான படுக்கை, மல்லாக்க. கடுகுத் தலையணையும் வேண்டாம், பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. நாக்குல தேன் தடவுறது ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது.

ஓசூரிலிருந்து:
இங்க மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர், குல்லா, கம்பளின்னு அடுக்கிடுறாங்க. சூடு தாங்காமலும் குழந்தை அழும். கை கால் சில்லுனு இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பிடரியைத் தொட்டுப் பாருங்க. வேர்த்திருந்தா ஒரு துணியைக் குறைங்க. தூங்கும்போது குல்லா வேண்டாம்.

தருமபுரியிலிருந்து:
அம்மா தூக்கத்துக்கும் வழி பண்ணணும்க்கா. 9 மணிக்குப் பால் குடுத்துட்டு அவங்க தனியா படுத்தா 1 மணி வரைக்கும் அப்பாவோ ஆயாவோ பார்த்துக்கலாம். நடுவுல பசிச்சா, பீச்சி ஃப்ரிட்ஜில வெச்ச பாலை வெந்நீர்ப் பாத்திரத்துல வெச்சு வெதுவெதுப்பாக்கி, பாலாடையில குடுக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்குப் பாலை வெளியில வைக்காதீங்க. தூக்கக் கலக்கத்துல சோபாவில சாஞ்சபடி குழந்தையை மடியில போட்டுக்கிறது பாயில படுக்கிறதைவிட ஆபத்து. அழுகை தாங்கலைன்னா மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு 5 நிமிஷம் வாசலுக்குப் போங்க. கோபத்துல குலுக்கிடாதீங்க, மூளையில ரத்தம் கசியும். ரெண்டு வாரத்துக்கு மேல அம்மாவுக்கு மனசு சோர்ந்தே கிடந்தா அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க.