தனியாக ஒரு மணி நேரம் கிடைக்கவே இல்லை: நான் எடை குறைத்த அனுபவம்

கோவை கணபதியில் இருக்கிறேன். ஹோப் காலேஜ் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. வயது 43. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். காலை ஐந்தே காலுக்கு அடுப்பு பற்ற வைத்தால் இரவு பத்து மணிக்குத்தான் கடைசிப் பாத்திரம் கவிழும். "உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை" என்று சொல்லும் பெண்களை யாரும் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். அவர்கள் சொல்வது உண்மை. எனக்கும் அந்த நேரம் கடைசி வரை கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே எடை எப்படிக் குறைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு முட்டி வலிக்கிறதென்று டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம், 6.5 ஆகிவிட்டால் உள்ளே போய்விட்டோம். என் அம்மா சர்க்கரையால் ஒரு கால் விரலை இழந்தவர். அந்தப் புண்ணுக்கு நான் வருடக்கணக்கில் கட்டு மாற்றிவிட்டிருக்கிறேன். அதனால் டாக்டர் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. எடை 72 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு 96. நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80க்குள், ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம். "முதல்ல ஒரு அஞ்சு கிலோ குறைங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்க" என்றார்.

எல்லோரையும் போல நானும் நாலரை மணிக்கு அலாரம் வைத்து, ஸ்கூட்டரில் ரேஸ்கோர்ஸ் போய் நடந்தேன். ஒன்பது நாள் போனேன். தூக்கம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. பத்தாவது நாள் ஆபீசில் ஒரு பில் தொகையை மாற்றிப் போட்டு, அதைத் தேடி எடுக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. அன்றோடு ரேஸ்கோர்ஸை விட்டுவிட்டேன். அன்று ராத்திரி மனசு விட்டு அழுதேன்.

அப்புறம் ஒரு நாள் குக்கர் பக்கத்தில் விசிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. எனக்கு ஓய்வு நேரம் கிடையாது, ஆனால் காத்திருக்கும் நேரம் நிறைய இருக்கிறது. பஸ்ஸுக்கு, விசிலுக்கு, மகளின் பாட்டு வகுப்பு முடிவதற்கு என்று நாளெல்லாம் எங்காவது நின்றுகொண்டேதான் இருக்கிறேன். மறுநாளே தொடங்கினேன்.

பஸ்ஸில் ஹோப் காலேஜ் வரை போகாமல் பீளமேட்டிலேயே இறங்கிவிடுவேன். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது, எங்கே இறங்கினாலும் நமக்கு ஒன்றுதான். அங்கிருந்து கொஞ்சம் வேகமாக நடந்தால் இருபது நிமிடம். வாரம் ஐந்து நாள், ஆக 100 நிமிடம். மகளின் பாட்டு வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள். முன்பெல்லாம் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து போன் பார்ப்பேன். இப்போது அந்தத் தெருக்களை நாற்பது நிமிடம் சுற்றுகிறேன். 80 நிமிடம். டாக்டர் சொன்ன 150 இதிலேயே தாண்டிவிட்டது. ஒரே மூச்சில் நடந்தால்தான் கணக்கு என்று இல்லை. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்த உலக சுகாதார நிறுவனமே 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

தசைக்கும் வாரம் இரண்டு நாளாவது வேலை கொடுக்க வேண்டும். அதற்குத்தான் குக்கர். மூன்று விசில் வருவதற்குள் பத்துப் பத்தாகத் தோப்புக்கரணம். முட்டி வலி இருந்ததால் முதலில் மேடையைப் பிடித்துக்கொண்டு பாதி வரைதான் உட்கார்ந்தேன். அதைப் பார்த்த மாமியார், "என்ன கண்ணு, பிள்ளையாருக்கு என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் காலையில் சாம்பாருக்குக் காய் நறுக்க அவரே வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடை மட்டும் போதாது. ஒரு வாரம் நான் வாயில் போடுவதையெல்லாம் அடுக்களை காலண்டரில் குறித்தேன். என் தட்டில் இருந்தது குறைவுதான். பிள்ளைகள் மிச்சம் வைத்த அரை தோசை, டப்பாவில் திரும்பி வந்த தயிர் சாதம், "ராத்திரிக்குக் கெட்டுப் போயிடுமே" என்று வழித்துப் போட்ட பொரியல், எல்லாம் சேர்ந்து இன்னொரு வேளைச் சாப்பாடு ஆகியிருந்தது. வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. பதிலாக, டப்பாவில் அரைக் கரண்டி குறைத்து வைக்கிறேன், சோறு அரை ஆழாக்கு குறைத்து வடிக்கிறேன். காபி நாளைக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சீனி. எட்டு ஸ்பூன் என்றால் ஏறத்தாழ 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். மாதத்துக்கு அரை ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வந்தேன். இப்போது இரண்டு காபி, ஒவ்வொன்றுக்கும் அரை ஸ்பூன் கணக்கு. ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் மூன்றாம் நாளே திரும்பியிருப்பேன்.

இரண்டு மாதம் எடை மிஷின் முள் அசையவே இல்லை. விட்டுவிடலாம் என்று இருந்த நேரம் அது. ஆனால் என் பாவாடை நாடா வேறு கதை சொன்னது. முன்பு முடிச்சு போட்டால் முனை இரண்டு விரல் நீளம்தான் மிஞ்சும், இழுத்துப் பிடித்துத்தான் கட்ட வேண்டும். ஒரு நாள் முனை ஒரு சாண் தொங்கியது. பிறகு டேப் வைத்து அளந்தேன். 92.

டாக்டரிடம் சொன்னபோது ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் இருந்து நடத்தி 2006இல் வெளியிட்டது. என்னைப் போல வாசலில் நின்ற 531 பேர். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலேயே. இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் நான் அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்திருக்க மாட்டேன்.

பதினான்கு மாதத்தில் 65.5 கிலோ. சர்க்கரை 5.8. இடுப்பு 87, இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. உங்களில் யாருக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை? எழுதுங்கள்.

பதில் 1 (சென்னை)

அக்கா, வணக்கம். ஓஎம்ஆரில் நைட் ஷிப்ட். வயது 34. உங்கள் ரேஸ்கோர்ஸ் கதை எனக்கும் நடந்தது. 91 கிலோ இருந்தபோது முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மூன்றாம் நாள் முன்னங்கால் எலும்பு ஓரமாக வலி, ஒரு மாதம் ஓட்டம் நின்றது. நண்பர்களே, கனமான உடம்போடு முதல் நாளே ஓடாதீர்கள், நடையில் தொடங்குங்கள்.

எனக்குப் பலித்தது ஒன்றுதான். இரவு ஒரு மணிக்குப் பரோட்டா சாப்பிடுவதை நிறுத்தி, வீட்டிலிருந்து எட்டரைக்கே சாப்பிட்டு வருகிறேன். இரண்டு மணிக்கு ஒரு முட்டை, சுண்டல். சாப்பிட்டவுடன் உட்காராமல் மாடிப்படியில் பத்து நிமிடம். வேலை நடுவில் கண் சொக்குவதும் இதனால் குறைந்தது. ஏழு மாதத்தில் 84. பகல் தூக்கம் கெட்ட வாரத்தில் மட்டும் பசி அடங்குவதே இல்லை. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 2 (மதுரை)

மகளே, உன் எழுத்தைப் படித்ததும் என் மகள் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்ற மாசியில் வெறும் வயிற்றோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நடந்தேன். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டியது. பக்கத்தில் நடந்தவர் டீக்கடையிலிருந்து சீனி வாங்கிக் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தேன். இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆகலாம். நடையைக் கூட்டும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இப்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

கோவையிலிருந்து மீண்டும்

ஐயா, நீங்கள் சொன்னதை என் அண்ணனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவரும் மாத்திரையில் இருப்பவர், காலையில் வெறும் வயிற்றோடுதான் நடக்கிறார். இந்த வாரமே டாக்டரிடம் கேட்கிறேன் என்றார். ரொம்ப நன்றி.

தம்பி, தூக்கம் கெட்டால் எனக்கும் அதேதான், பகலெல்லாம் இனிப்பைத் தேடும். நைட் ஷிப்ட் எனக்குத் தெரியாது, அதனால் சும்மா எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட நாளில் நான் எடையும் பார்ப்பதில்லை, தோப்புக்கரணமும் போடுவதில்லை. பீளமேட்டில் இறங்குவது மட்டும் நிற்காது. குக்கர் வைக்கும்போது இப்போது சின்னவன் பக்கத்தில் நின்று எண்ணுகிறான். நேற்று இருபத்தெட்டில் மூன்றாவது விசில் வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு இருக்கும்மா" என்று அடுப்பை அணைக்க விடவில்லை.